மாணாக்கர் விடுதிகளும் நமது கடமையும்

வருஷந்தோறும் ஆனி, ஆடி மாதங்களில் கலாசாலைகள் திறக்கப்படுகின்றன. பெட்டியும் படுக்கையும் எடுத்துக்கொண்டு, தகப்பனாரோ தமையனாரோ உடன்வர, நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் சென்னையிலும் மதுரையிலும் கோயமுத்தூரிலும் வந்து இறங்குகின்றனர். இத்தனை பேருக்கு இடங்கொடுத்தோம் என்று அதிகாரிகள் கணக்குக் காட்டுகின்றனர். 2021-22-ம் வருஷத்திய மத்திய சர்க்கார் கணக்குப்படி, உயர்தரக் கல்வியில் சேர்ந்தோர் விகிதம் தேசமுழுவதிலும் நூற்றுக்கு 28.4 ஆயிருக்க, தமிழ்நாட்டில் 47 ஆயிருந்தது. இது நமக்குப் பெருமையே. அதைக் குறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. ஆனால் சேர்ந்த பிள்ளை அன்றிரவு எங்கே படுத்தான், மறுநாட்காலை என்ன உண்டான், நோய் கண்டபோது எவரிடம் சொல்லிக்கொண்டான் என்பவற்றை எந்தக் கணக்கும் விசாரிப்பதில்லை. அவற்றையே நாம் இன்று விசாரிக்கப் புகுகின்றோம்.

இது புதிய விசாரணை அன்று. சுதந்திரம் பெற்ற மறுவருஷமே, அதாவது 1948-ல், நமது சர்க்கார் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷனை நியமித்தனர். சென்னைச் சர்வகலாசாலைக்கு அப்பொழுது வைஸ் சான்ஸலராயிருந்த டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். 1949-ல் வெளியான அவ்வறிக்கை மாணாக்கரின் தேகாரோக்கியம், உணவு, உறைவிடம் ஆகியவற்றை ஒதுக்காமல் ஆராய்ந்தது. பின்னர் 1964 முதல் 1966 வரை வேலைசெய்த கோத்தாரி கமிஷன் இன்னும் தெளிவாக, இவை தரும காரியங்கள் அல்ல, கல்வியின் ஓர் அங்கமே என்றது. இரண்டு அறிக்கைகளும் புஸ்தகசாலைகளில் நன்றாகக் கட்டுக் கட்டப்பட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

நமது சர்க்கார் விடுதிகளை எடுத்துக்கொள்வோம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையோர் நலத்துறைகளின்கீழ் இராஜ்யமெங்கும் 2,700-க்கு மேற்பட்ட விடுதிகள் இருக்கின்றன. 2025 ஜூலை மாதத்தில் முதல்மந்திரி ஸ்டாலின் இவற்றுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பொதுப்பெயர் சூட்டினார். விடுதியின் வாயிற்பலகை பிள்ளையின் ஜாதியைத் தெருவிற்கு அறிவித்துக்கொண்டிருந்த அவலம் இதனால் நீங்குமாயின் நன்றே. பெயர்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் பலகையை மாற்றிய கையோடு உலைமூடியையும் சற்றே திறந்து பார்த்தல் வேண்டும்.

விடுதியிலுள்ள கலாசாலை மாணாக்கர் ஒருவரின் உணவுக்காக மாதம் 1,100 ரூபாய் கொடுக்கப்பட்டு வந்தது. 2023-ல் அது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். காலைப் பலகாரம், மத்தியான்னச் சாப்பாடு, இராச் சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். நமது நேயர்களில் எவரேனும் பட்டணத்து ஓட்டலில் ஐம்பது ரூபாய்க்கு ஒருவேளையாவது வயிறார உண்டதுண்டா? மொத்தமாகச் சமைத்தால் செலவு குறையும் என்பது மெய்தான். அரிசி வேறு கணக்கில் வருகிறது என்றும் சொல்லலாம். அவ்வாறாயினும் எண்ணெய், பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவை விலையேறும்போது இத்தொகை தானே ஏறுவதில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் பஞ்சப்படி மட்டும் விலைவாசியைத் தொடர்ந்து வருஷத்தில் இருமுறை ஏறுகின்றது. விலைவாசி என்பது குமாஸ்தாவுக்கு ஒன்று, மாணாக்கனுக்கு ஒன்றா? பஞ்சப்படியைக் கணக்கிடும் அதே சூத்திரத்தைக்கொண்டு உணவுப்படியையும் கணக்கிடுவதில் என்ன தடையென்று நமக்கு விளங்கவில்லை.

“முற்காலத்தில் பிள்ளைகள் இவ்வளவு வசதியை எதிர்பார்த்தார்களா?” என்று கேட்கும் கனவான்கள் சிலர் இருக்கின்றனர். ஸர் டி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கின்கீழ்ப் படித்து ஹைக்கோர்ட்டு நீதிபதியானார் என்னும் கதையை உடனே எடுத்து விடுவார்கள். வக்கீல் தொழில்புரியும் எங்களுக்கு அவருடைய சிலையைத் தினமும் தரிசிக்கும் பாக்கியம் உண்டு. ஆனால் தெருவிளக்கின்கீழ்ப் படித்து நீதிபதியாகாமற் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லையாதலால் அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது.

நிற்க. உபகாரச் சம்பள விஷயத்துக்கு வருவோம். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உபகாரச் சம்பளம் 1944-ம் வருஷத்தில், அன்னியர் ஆட்சியிலேயே, தொடங்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கார் அப்பொழுது வைஸிராய் நிர்வாக சபையில் அங்கத்தினர். இன்று அத்திட்டத்தின் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கு மத்திய சர்க்காருடையது. நாற்பது இராஜ்ய சர்க்காருடையது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லக்ஷத்துக்கு மேற்படலாகாது. 2021-ல் வகுத்த விதிகளின்படி, சாதாரணமாய் பி.ஏ., பி.எஸ்ஸி. வாசித்து விடுதியில் வசிக்கும் மாணாக்கருக்கு வருஷமொன்றுக்கு 6,000 ரூபாய் ஜீவனப்படி. அதாவது மாதம் 500. வைத்தியம், என்ஜினீயரிங் போன்ற முதல் வகுப்புப் படிப்புக்களுக்கும் 13,500-தான். பிறர் வருஷச் செலவைக் கேட்டறிந்தவர்கள் இத்தொகையைக் கண்டு சிரிப்பார்கள். இதை நம்பி ஊரைவிட்டு வந்த பிள்ளைக்குச் சிரிக்க முடியாது.

தொகை சிறிது என்பது ஒரு குறை. அது வரவேண்டிய காலத்தில் வராதிருப்பது அதைவிடப் பெரிய குறை. இராஜ்யத்தின் பங்கு விழுந்தபிறகே மத்தியப் பங்கு மாணாக்கரின் பாங்கிக் கணக்கிற்கு நேரே வருமென்பது விதி. இடையில் ஒரு ஆதார் எண் பொருந்தாவிட்டாலும், ஒரு குமாஸ்தா ஒரு பொத்தானை அழுத்த மறந்தாலும் பணம் நின்றுபோகும். கலாசாலை நிர்வாகியோ பொறுப்பதில்லை. சம்பளம் கட்டாதவனுக்குப் பரீட்சை அனுமதிச் சீட்டில்லை என்கிறார். சில இடங்களில் பள்ளிச் சான்றுப் பத்திரங்களையே அடகுப் பொருளைப்போல் வைத்துக்கொள்கிறார். இது சட்டத்திற்கு முற்றும் விரோதமானது. மூலச் சான்றுகளைக் கலாசாலைகள் பிடித்து வைத்தலாகாதென்று சர்வகலாசாலை மானியக் குழுவினர் 2018-ல் திட்டமாய் அறிவித்திருக்கின்றனர். கடன்பட்டவர் சர்க்கார், ஜாமீன் எவரும் எழுதிக்கொடுக்கவில்லை, ஜப்தி மட்டும் பதினெட்டு வயதுப் பையனின் பெட்டியின்மேல் செய்யப்படுகிறது. எந்த முன்சீப் கோர்ட்டிலும் இத்தகைய டிக்ரியை நாம் கண்டதில்லை. சர்க்கார் கொடுக்கவேண்டிய பணத்தை சர்க்காரிடம் கேட்டு வாங்கும் பாரம் கலாசாலையுடையதேயன்றி மாணாக்கனுடையதன்று என்று ஒரே வரியில் ஓர் உத்தரவு போடலாம். அதற்குக் கஜானாவிலிருந்து ஒரு காசும் செலவில்லை.

போஜனசாலையைப்பற்றி எழுதப் புகும்போது தேசியவாதிகளாகிய நாம் தலைகுனிந்தே எழுதவேண்டியிருக்கிறது. ஸ்ரீ வ.வே.சு. ஐயர் 1922-ல் குருகுலம் ஸ்தாபித்தார். பின்னர் அது சேரமாதேவியில் நடைபெற்றது. அவருடைய தியாகத்தையும் கல்வியையும் சந்தேகிப்பவர் எவருமிலர். தாம் ஜாதி பார்த்து உண்பவரும் அல்லர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியும் அக்குருகுலத்துக்குப் பொருளுதவி செய்தது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உண்ண, அவர்தம் பெற்றோரின் விருப்பத்தை முன்னிட்டு, இடங்கொடுக்கப்பட்டது. இரண்டு இலைகள்தாம். அவ்விரண்டு இலைகளைப்பற்றி 1924, 25-ம் வருஷங்களில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டுக் காங்கிரஸையே பிளந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஸ்ரீ ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் கேட்ட கேள்வி நியாயமானதென்று அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் நமது இயக்கத்தின் சரித்திரம் வேறாயிருக்கும். ‘சிறு விஷயம்’ என்று பெரியோர் பலர் எண்ணினர். சாப்பாட்டுப் பந்தி சிறு விஷயமன்று. புஸ்தகத்தில் சமத்துவத்தைப் படித்துவிட்டுப் பந்தியில் பேதத்தைக் காணும் பிள்ளை பந்தியையே நம்புவான்.

தொண்ணூறு வருஷங்களுக்குப்பின் இக்கதை முடிந்துவிட்டதென்று நினைத்தோம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. போஜனசாலை ஒன்றில் மரக்கறி உண்போருக்கு ஒரு வாயில், மாமிசம் உண்போருக்கு வேறு வாயில், கைகழுவும் தொட்டியும் வேறு என்று அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. மாணாக்கர் எதிர்த்தபின் அகற்றப்பட்டது. மரக்கறி உண்பவருக்குத் தனிப்பாத்திரத்தில் சமைத்தல் மரியாதை. அதை எவரும் மறுக்கவில்லை. வாயிலைப் பிரித்தல் மரியாதையாகாது. கைகழுவும் தண்ணீரில் சைவ அசைவம் ஏது?

நமது நாட்டில் விடுதியைச் சமத்துவத்தின் கருவியாகக் கண்டவர்களும் இருந்தார்கள். கோலாப்பூர் சாகு மகாராஜா 1901 தொட்டு விடுதிகள் கட்டினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரால் கல்வி ஸ்தாபனம் ஆரம்பித்து, தில்லைக்கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவரின் சந்ததிக்கு அதே ஊரில் படிக்கவும் தங்கவும் இடந்தேடிக் கொடுத்தார். அவரிடம் மந்திரிசபை இல்லை, பட்ஜெட்டும் இல்லை.

இனி, எழுதக் கை நடுங்கும் விஷயம் ஒன்று. தேசியக் குற்றப்பதிவு இலாகாவின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் 13,044 மாணாக்கர் தற்கொலையால் மாண்டனர். ஐதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை 2015-ல் நின்றது. பின்னர் அவரும் நால்வரும் விடுதியினின்றும் விலக்கப்பட்டனர். 2016 ஜனவரியில் அவர் இறந்தார். ஒருவர் மரணத்துக்கு ஒரே காரணம் கூறுதல் வக்கீல்களுக்கு எளிது, மெய்க்கு ஒவ்வாது. ஆயினும், பணம் நின்று, படுக்கையும் பறிபோன ஒரு மாணாக்கருக்கு அச்சர்வகலாசாலையில் கதவு திறந்து “என்ன வேண்டும் தம்பி?” என்று கேட்கக் கடமைப்பட்டவர் எவர் என்னும் கேள்வி நிற்கிறது.

சுப்ரீம் கோர்ட்டார் 2025 மார்ச்சில் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியக் குழுவை நியமித்தனர். அவ்வருஷம் ஜூலையில் வேறொரு வழக்கில், நூறு மாணாக்கருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் பயிற்சிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டுமென்று உத்தரவிட்டனர். நல்ல உத்தரவு. ஆனால் கலாசாலைகள் இதை எங்ஙனம் நிறைவேற்றும் என்பதை அறிவோம். வேலை மிகுந்த உபாத்தியாயர் ஒருவரின் அறைவாயிலில் ‘ஆலோசகர்’ என்று இன்னொரு பலகை ஏறும். அவரே வருகைப் பதிவைக் குறைப்பவர். அவரே உள்மதிப்பெண் இடுபவர். அவரிடம் எந்தப் பிள்ளை மனந்திறந்து பேசும்? ஆலோசகர் மதிப்பெண்ணுக்கும் தண்டனைக்கும் சம்பந்தமற்றவராயிருத்தல் வேண்டும். கேட்டதை வெளிவிடாதவராயிருத்தல் வேண்டும். நிரந்தரச் சம்பளம் பெறுபவராயும் இருக்கவேண்டும். கண்டிராக்டு முடிந்து ஆறுமாதத்தில் போய்விடுபவரிடம் இரண்டாவது முறை அழ எவருக்கும் மனம் வராது.

சட்டம் மட்டும் போதாதென்பதற்கு ராகிங் தடைச் சட்டமே சாக்ஷி. 1996-ல் அண்ணாமலைநகர் மருத்துவக் கலாசாலையில் முதல் வருஷ மாணாக்கர் ஒருவர் கொலையுண்ட கொடுமைக்குப்பின் 1997-ல் தமிழ்நாடு அச்சட்டத்தைச் செய்தது. தேசமெங்கும் பொருந்தும் விதிகள் வருவதற்கு 2009 வரை சென்றது. விதிகளில் குறைவில்லை. இரவு பத்து மணிக்கு விடுதியில் இருக்கவேண்டிய வார்டன் பட்டணத்தில் தம் வீட்டில் இருக்கிறார், குறை அங்கேதான். பெண்கள் விடுதியில் மட்டும் அவருக்குத் திடீரென்று விழிப்பு வருகிறது. இருட்டுமுன் பூட்டு விழுகிறது. 2022-ல் கோழிக்கோடு அரசாங்க மருத்துவக் கலாசாலை மாணவியர் ஒன்பதரை மணிப் பூட்டை எதிர்த்துக் கேரள ஹைக்கோர்ட்டை அடைந்தபோது, பெண்களை மட்டும் பூட்டுவானேன் என்று நீதிபதியே கேட்டார். இதற்கு மறுமொழி சொல்ல நமக்கும் தெரியவில்லை. புஸ்தகசாலை திறந்திருக்கும்வரை விடுதியும் திறந்திருக்கட்டும், இருபாலாருக்கும்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றுவதை நாம் தடுக்கவில்லை. நாமும் பல நிறைவேற்றியிருக்கிறோம். அதற்குமுன் உங்கள் தாலுக்காவிலுள்ள விடுதிக்கு முன்னறிவிப்பின்றி ஒரு மாலை செல்லுங்கள். வார்டன் இருக்கிறாரா, குடிதண்ணீர்த் தொட்டி எப்பொழுது கழுவப்பட்டது, கக்கூஸ் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணுங்கள். பிறகு, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, அவ்விடுதிக்கு இவ்வருஷம் அனுப்பப்பட்ட உணவுப்படி எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, பருப்பும் எண்ணெயும் எவரிடம் என்ன விலைக்கு வாங்கப்பட்டன என்று எழுதிக் கேளுங்கள். முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டியது அதிகாரியின் கடமை. வரும் பதில்களை நமக்கு அனுப்பினால், ஜில்லாவாரியாக இப்பத்திரிகையில் பிரசுரிப்போம். பதில் வராத விடுதிகளின் பெயர்களையும் அவ்வாறே பிரசுரிப்போம்.