பூக்காவடியும் கரியமில வாயுவும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் பூக்காவடிகள் வந்து குவிவதைத் தமிழ்நாட்டாரும் ஆந்திர நாட்டாரும் நன்றாய் அறிவார்கள். அவ்வளவு பூவும் வாடிய பிறகு என்ன ஆகிறது என்று கேட்டால், ஒருவர் "சாமிக்குச் சேர்ந்துவிட்டது" என்பார். மற்றொருவர் "மக்கிப் போய்விடும்" என்பார். முன்னவரோடு நாம் இப்போது வழக்காட வரவில்லை. மக்கிப் போவது என்றால் என்ன என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோழர்களே! மக்குவது என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் சாப்பாடேயாகும். பாக்டீரியா என்னும் இக்கிருமிகள் பூவைத் தின்று, நம்மைப் போலவே கரியமில வாயுவை வெளியே விடுகின்றன. அந்த வாயுவைப் பிடித்து மறுபடியும் உடம்பாக்கிக் கொள்வது பச்சை இலைகளின் வேலை என்பது பள்ளிக்கூடப் பாடம். குளத்து நீலப்பச்சைப் பாசியும் (அதுவும் பாக்டீரியா இனந்தான்) வெயிலின் உதவியால் அவ்வேலையைச் செய்கிறது. வெயிலே இல்லாமல், அம்மோனியா போன்ற சரக்குகளிலிருந்து சக்தியெடுத்து அதைச் செய்யும் கிருமிகளும் உண்டென்று ரஷிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890-ஆம் ஆண்டு வாக்கில் காட்டினார். மற்றவையெல்லாம் வாயுவை விடப் பிறந்தவையே தவிர, பிடிக்கப் பிறந்தவையல்ல என்று விஞ்ஞானிகளே ஒரு வருணாசிரமம் வகுத்து வைத்திருந்தார்கள்.

இந்த வருணாசிரமத்தை ஒரு மாணவருடைய கணக்குப் புஸ்தகம் உடைத்தது. 1935-இல் அமெரிக்காவின் அயோவாவில், வெர்க்மன் என்னும் ஆசிரியரிடம் படித்து வந்த ஹார்லண்ட் உட், பாலாடைக் கட்டியில் வளரும் ஒருவகைக் கிருமிக்குக் கிளிசரினைத் தீனியாகப் போட்டு வளர்த்தார். புளிப்பு மிஞ்சாமலிருக்கச் சுண்ணாம்புத் தூளும் சேர்த்தார். அத்தூளுக்குள் கரியமில வாயு அடங்கியிருக்கிறது. கடைசியில் வரவு செலவு பார்த்தபோது கணக்கு உதைத்தது. கிருமி தின்ற கிளிசரினில் இருந்த கரியைவிட, அது செய்து வைத்த பொருள்களில் இருந்த கரி அதிகம். கரியமில வாயுவோ போட்டதைவிடக் குறைவு. இங்கே குறைந்ததே அங்கே கூடியிருந்தது!

பெரியவர்கள் எளிதில் நம்பவில்லை. ஆனால் 1940, 1941 ஆண்டுகளில் அடையாளமிட்ட கரியணுக்களை வைத்துச் சோதித்தபோது கணக்கே மெய்யாயிற்று. மூன்று கரியணு உள்ள ஒரு பொருளோடு வாயுவின் கரியணு ஒன்று சேர்ந்து நான்காகிறது. புறாவின் ஈரலிலும் இதே வேலை நடப்பது தெரிந்தது; நம் ஈரலிலும் நடக்கிறது.

இதனால் இக்கிருமிகள் காற்றைத் தின்றே உயிர் வாழும் என்று எவரும் கதை கட்டிவிட வேண்டாம். காற்றைக் குடித்துத் தவமிருந்த ரிஷிகளின் கதையே நமக்குப் போதும். இவற்றிற்குத் தீனி வேண்டும். வாயு துணைச் சரக்குத்தான். 2019-இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் நிலையத்தார், குடலில் வாழும் ஒரு கிருமியைத் திருத்திப் பழக்கி, அதன் உடம்பின் கரி முழுவதையும் வாயுவிலிருந்தே எடுக்கச் செய்தார்கள். அதற்கும் சக்திக்காக பார்மேட் என்னும் உப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. அது பிடித்த வாயுவைவிட விட்ட வாயு அதிகம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லும் யோக்கியதை எந்த ஸ்தல புராணத்துக்கு உண்டு என்று கேட்கிறோம். "இவையெல்லாம் நம் முன்னோர்கள் அறிந்தவையே" என்று சொல்லுகிறவர்கள், எந்தத் தராசில் எத்தனை பலம் நிறுத்தார்கள் என்பதையும் தயவு செய்து சொல்லட்டும்.

நிற்க. திருத்தணிப் பூவுக்கு வருவோம். பூவைக் குளத்தில் கொட்டினால், அது அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு செலவாகி மீன் சாகும், பாசி பெருகும், சிலவகைப் பாசி விஷமும் கக்கும். வெட்டவெளியில் குவித்தால் நாற்றம் ஊருக்கு, வாயு காற்றுக்கு. காற்றுப் புகாத தொட்டியில் போட்டாலோ, ஒரு கிருமிக் கூட்டம் அதைத் தின்று கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் விட, பாக்டீரியாவுக்குத் தூரத்து உறவான மற்றொரு கூட்டம் அவ்விரண்டையும் சேர்த்து எரிவாயுவாக்குகிறது. சாண எரிவாயு அடுப்பு எரிவதும் இவ்விதக் கிருமிகளாலேதான். தொட்டியில் மிஞ்சுவது வயலுக்கு எரு.

குளமா, குப்பைமேடா, தொட்டியா என்பதை எந்தச் சாமியும் வந்து தீர்மானிக்கப் போவதில்லை. ஊராரும் கோயில் நிர்வாகத்தாருமே தீர்மானிக்க வேண்டும். காவடி எடுப்பவர் எடுக்கட்டும், எடுக்காதவர் இருக்கட்டும். குளத்துத் தண்ணீர் இருவருக்கும் பொது. ஆதலால் திருத்தணி, பள்ளிப்பட்டு, அரக்கோணம் பக்கத்துத் தோழர்கள் அடுத்த கிருத்திகைக்கு முன்பே, மலையேறிய பூவெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்ற கணக்கை ஊர்க் கூட்டங்களில் கேட்டு, தொட்டிக்கு ஒரு வழி செய்யும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.