பெயர் பாராது சுவைத்தல்

ஜுபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று அனுப்புமாறு எம்மைக் கேட்ட மலர்க்குழுவினர், யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சற்றே திகைத்திருத்தல் கூடும். இந்துக் கல்லூரியின் மலரிலே செந்நிற வைனைப் பற்றியா எழுதுவது? கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரை எமக்குக் கற்பித்த ஆசான்கள் என்ன நினைப்பர்? அவர்கட்கு எமது விண்ணப்பம் இது: யாம் எவரையும் குடிக்க அழைத்தோமல்லேம். வைனைத் தேர்வோர் அதனை வாயில் ஏந்தி, நாவெங்கும் பரவவிட்டு, பின்னர் உமிழ்ந்துவிடுவர். ஆறு கிண்ணங்களை விழுங்கியவர் ஏழாவதைப் பற்றிக் கூறும் தீர்ப்பு எவர்க்கும் பயன்படாது. கொழும்பிலே தேயிலை தேர்வோர் கரண்டியால் உறிஞ்சி உமிழ்வதை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். இத்தொழிலும் அதுவே. தேநீரில் நாவைப் பற்றி இழுக்கும் துவர்ப்பும் செவ்வைனின் துவர்ப்புங்கூட உறவினமே. வைனில் அது முந்திரிகைப் பழத்தின் தோலிலும் விதையிலுமிருந்து பெரும்பாலும் வருகின்றது. அன்றியும், யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூறு பாடியிருக்கின்றது. அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் வெளிப்பட்டன. பொருள் தமிழுக்கு முற்றிலும் புதிதன்று.

இலண்டனின் புறநகர் ஒன்றில் நண்பர் சிலர் திங்கள்தோறும் ஒருவர் இல்லத்திற் கூடி, ஐரோப்பியச் செவ்வைன்களை ஒப்பிட்டுச் சுவைத்து வருகின்றோம். எம் கல்லூரியின் பழைய மாணவரும் அவருள் உளர்; பிறரும் உளர். தொடக்க காலத்தில் போத்தலின் சீட்டைப் படித்து, அதன் விலையைக் கேட்டு, அதன் பின்னரே கிண்ணத்தை எடுத்தோம். அம்முறை பிழையானது என்பதும், பெயரை மறைத்துச் சுவைப்பதே நேர்மையானது என்பதும் இப்போது எமது துணிபு.

பெயரின் வல்லமைக்குப் போர்தோ நகரமே சான்று. 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்கென அந்நகரத் தரகர்கள் செவ்வைன்களை ஐந்து வகுப்புகளாகத் தரம் பிரித்தனர். எந்த அளவுகோல் கொண்டு? அக்காலத்தில் அவை சந்தையிற் பெற்ற விலைகளைக் கொண்டே. லபித், லத்தூர், மார்கோ, ஓ-பிறியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்பில் அமர்ந்தன. அதன் பின் தோட்டங்களின் எல்லைகள் மாறின, உடைமையாளர் மாறினர், வேரைத் தின்னும் பூச்சி வந்து கொடிகளை அழித்தமையால் அமெரிக்க வேர்களில் ஒட்டு வைத்துப் புதிதாக நட்டனர். வகுப்பு மட்டும் மாறவில்லை. 1973இல் மூட்டோன் றொத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாவதற்கு உயர்ந்தமை ஒன்றே குறிப்பிடத்தக்க மாற்றம். நமது வகுப்பறைகளில் ஒருவன் முதற்றவணையிற் பெற்ற இடத்தை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்க விடுவோமா?

கண்ணும் பெயரைப் போலவே ஏமாற்றும். 2001இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றிலே, போர்தோவில் வைன் இயல் பயின்ற 54 மாணவர்க்கு, வெள்ளை வைன் ஒன்றினை மணமற்ற சாயத்தாற் சிவப்பாக்கிக் கொடுத்தனர். அதே வைனுக்கு முன்னர் வெளிர்நிறப் பழங்களின் பெயர்களைச் சொன்னவர்கள், சாயமிட்டதற்குச் செந்நிறப் பழங்களின் மணங்களை எழுதினர். அவர்கள் அறிவிலிகளல்லர், மூக்கு கூறுவதற்கு முன்னரே கண் கூறிவிட்டது, அவ்வளவே.

பெயரை மறைத்தால் என்ன நிகழும் என்பதை 1976ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பாரிஸ் கண்டது. ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர், பிரெஞ்சு நடுவர்கள் முன்னிலையில் பிரான்சின் வைன்களையும் கலிபோர்னியாவின் வைன்களையும் பெயர் கூறாது வைத்தார். செவ்வைன்களில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஸ் லீப். மூட்டோன் இரண்டாமிடத்தில் நின்றது. முடிவறிந்த நடுவர் ஒருவர் தமது மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார் என்பர். பிரெஞ்சு வைன்கள் முதிரவில்லை, காலம் செல்லட்டும் என்றனர் சிலர். முப்பது ஆண்டு சென்றது. 2006இல் அச்செவ்வைன்களை மீண்டும் சுவைத்தபோதும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. இதனால் போர்தோவின் பெருமை குன்றிவிட்டதாக யாம் கருதவில்லை. பெருமையை எவரும் பரீட்சிக்கலாம் என்று ஆயிற்று. அதுவே எமக்கு வேண்டுவது.

ஆனால் போத்தலை மறைத்தல் மாத்திரம் போதாது. எமது கூட்டமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுகின்றோம். போத்தல்களுக்குக் கம்பளிக் காலுறை அணிவித்து வரிசையாக வைத்திருந்தோம். மூன்றாவது கிண்ணத்தை முகர்ந்ததும், கூட்டத்தில் மூத்தவரென்ற உரிமையில் யாம் உரத்த குரலில், “இது முதிர்ந்த போர்தோ, ஐயமில்லை” என்றோம். எல்லோரும் தலையசைத்தனர். காலுறையைக் கழற்றினால் அது ஸ்பானியாவின் ரியோகா. எமது தவற்றுக்கு ஒரு சாட்டு உண்டுதான்: 19ஆம் நூற்றாண்டிலே போர்தோ முறைகளைப் பின்பற்றியே ரியோகாவினர் வைனைச் சிறு பீப்பாக்களில் முதிரவிடக் கற்றனர். எனினும் நாணினோம். நாண வேண்டியது அதற்கன்று என்பது பின்னரே தெரிந்தது. கிண்ணங்களைக் கழுவ எடுத்தபோது இளைஞர் ஒருவரின் தாள் கண்ணிற்பட்டது. மூன்றாம் எண்ணுக்கு நேரே “தேங்காய்ப்பால் மணம்” என்று எழுதி, அதனை அடித்துவிட்டு, “போர்தோ” என்று திருத்தியிருந்தார்.

அவர் எழுதியதே சரி. ரியோகாவினர் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தி வந்தது அமெரிக்க ஓக் மரப்பீப்பா. அம்மரத்திலே தேங்காயின் மணம் தரும் பொருளொன்று பிரெஞ்சு ஓக்கினும் மிகுதியாக உண்டு. எம் ஊர் அடுக்களைகளிற் பிறந்த எவருக்கும் அம்மணம் தெரியாது போகுமா? யாமோ ஐரோப்பிய நூல்களிற் படித்த பழப்பெயர்களை, அவற்றுட் சில யாம் ஒருநாளும் உண்டறியாதவை, மூக்கிலே தேடிக்கொண்டிருந்தோம். எமது குரல் அவ்விளைஞரின் மூக்கை அடைத்துவிட்டது. சீட்டை மறைத்தோம், எம்மை மறைக்க மறந்தோம்.

பெயரை மறைத்தல் வைனின் வரலாற்றை மறைப்பதாகும் என்று கூறுவாரும் உளர். எந்த மண், எந்த ஆண்டு என்பதறியாது சுவைப்பது, பாடிய புலவர் யாரென்று அறியாது பாட்டைப் படிப்பது போன்றதாம். நன்று, பாட்டை முதலிற் படிப்போம், புலவர் பெயரைப் பின்னர் கேட்போம் என்பதே எமது விடை. பேர்கண்டியிலே குளோ த வூஜோ என்னும் ஒரு தோட்டம் உண்டு. சிஸ்தேர்சியத் துறவியர் மதிலெழுப்பி வளர்த்தது. பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேயர். இன்று அது 80 பேரளவில் உள்ள உடைமையாளர்களிடையே பங்கு பிரிந்து கிடக்கின்றது. மேட்டிலுள்ளவரும் பள்ளத்திலுள்ளவரும், கருத்துடன் உழைப்பவரும் உழைக்காதவரும் ஒரே பெயரையே போத்தலில் ஒட்டுகின்றனர். பெயரை மட்டும் நம்பி வாங்குபவருக்கு எது கிடைக்கும் என்பதை யாம் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, இத்தாலியின் பறோலோவைப் பெயரறியாது ஒருமுறை சுவைத்தவர், வெளிறிய நிறத்தினுள் ஒளிந்திருக்கும் அக்கடுந்துவர்ப்பையும், தாரும் ரோசாவும் கலந்தாற் போன்ற மணத்தையும் பின்னர் மறவார். பெயரை அறிந்தபின் அது அவருக்கு வெறும் பெயராக இராது.

இப்போது எமது கூட்டத்தில் விதி வேறு. கிண்ணங்கள் யாவும் ஒரே வடிவின, அளவும் ஒன்றே. முதல் அரைமணி நேரம் எவரும் வாய் திறத்தல் கூடாது. எழுதியதை அடித்தலும் கூடாது. தாள்களை மேசைமேல் வைத்த பின்னர் வயதில் இளையவர் முதலிற் பேசுவார். யாம் இறுதியில், அதற்குள் யாம் கூற எண்ணியவற்றிற் பாதியை வேறொருவர் சிறப்பாகக் கூறியிருப்பார். சென்ற திங்கள் போத்தல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு அவ்விளைஞருடையது. இரண்டாவது கிண்ணத்தை யாம் ரியோகா என்று துணிந்து எழுதினோம். அது போர்தோ.