இசைக்கென்று எழுதிய ஐந்நூறு ரூபா



சீகிரியாவுக்கு அண்மையில் நாங்கள் கூடும் சேமிப்புக் குழுவில் ஒவ்வொருவரும் வரவு செலவுக் கொப்பி எழுதுகிறார்கள். மாத முடிவில் எல்லோரும் வட்டமாக இருந்து அவற்றைப் பார்ப்போம். அரிசி, தேங்காய், பிள்ளையின் ரியூசன், பஸ் காசு என்று நிரலாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கொப்பியில் ஒரு சகோதரி "இசை - 500" என்று எழுதியிருந்தார். வன்னியில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு இங்கு வந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி தரம்பிரிக்கும் வேலை செய்பவர் அவர். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இதுக்கும் காசா?" என்று கேட்டேவிட்டார். அவரோ தலையைக் குனிந்தபடி, "பிழையெண்டால் வெட்டிவிடுறன் மிஸ்" என்றார்.

வெட்ட வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும், அந்த ஐந்நூறு ரூபாவை வீணாக்காமல் செலவிடுவது எப்படி என்பதையும் இம்மாதம் எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் யாருக்கு ஓய்வு நேரம் இருக்கிறது, யாருடைய சந்தோசத்துக்குக் காசு ஒதுக்கப்படுகிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் அதிகாரம் யார் கையில் என்பது தெரிந்துவிடும். சமூகவியல் வகுப்பில் இதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். ஒரு கொப்பியைப் புரட்டினாலே போதும். ஆண்களின் சிகரட்டும் வெற்றிலையும் எந்தக் கொப்பியிலும் ஏறுவதில்லை, ஏறினாலும் கேள்வி இல்லை. கணவனை இழந்தவள் வீட்டில் பாட்டுக் கேட்டால் மட்டும் வேலிக்கு அப்பால் காது முளைக்கிறது. ஆனால் இசை எமக்குப் புதிதாக வந்த ஆடம்பரமா? 1990 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். சவர்க்காரம் கிடைக்காத நாட்களிலும் அந்தச் சில்லு சுற்றியது. வாசகியரில் பலர் தம் கையாலேயே சுற்றியிருப்பீர்கள்.

அந்தச் சகோதரி வாங்க விரும்பியது பாட்டு அல்ல என்பதுதான் எனக்குச் சுவையான விடயமாக இருந்தது. "படத்தில பாட்டில்லாத இடத்தில ஒரு மியூசிக் போகுமே, அது வாங்கலாமோ?" என்று கேட்டார். பாட்டு வேண்டாமா என்றேன். பாட்டில் சொல் வருகிறது, சொல் வந்தால் ஆள் வந்துவிடுகிறார் என்றார். வீட்டில் ஒருவர் முணுமுணுத்த பாட்டின் முதல் அடி வானொலியில் வந்ததும் எழுந்துபோய் நிறுத்துகின்ற பெண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். சொல்லில்லாத இசை நோய்க்கு மருந்து என்று நான் சொல்லவரவில்லை. உளவள ஆலோசனை தேவைப்படுபவருக்கு அது தேவைதான். ஆனால் எந்த நினைவோடும் கட்டிப்போடாத ஒன்றைக் கேட்க ஒருவர் விரும்புவது விளங்கிக்கொள்ளக்கூடியது. காசுக் கணக்கிலும் அவர் கேட்டது சரி. பாட்டை வானொலி நாள் முழுவதும் இலவசமாகத் தருகிறது, பின்னணி இசையைத் தருவது அரிது. கிடைக்காததற்குத்தானே காசு கொடுக்க வேண்டும்?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேல்நாடுகளில் ஒரு படத்தின் பின்னணி இசையைத் தனித் தொகுப்பாக விற்பார்கள். எங்கள் தமிழ்ப் படங்களுக்கு இறுவட்டு என்றால் ஐந்தாறு பாட்டு, அவ்வளவே. இசையமைப்பாளர் படத்துக்காக இரவு பகலாகச் செய்த மீதி இசை பெரும்பாலும் படத்துக்குள்ளேயே கிடந்துவிடும். இந்தியத் தேசிய விருதுகளில்கூட பாடல்களுக்கென்றும் பின்னணி இசைக்கென்றும் பரிசைத் தொடர்ந்து தனித்தனியே வழங்கத் தொடங்கியது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அவ்வாண்டு பின்னணி இசைக்கான பரிசு 'பழசி ராஜா' மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. ஆகவே வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள். 'தீம்' என்று தனியாக ஒன்று இருந்தால் நல்லது. 'புன்னகை மன்னன்' (1986) தொகுப்பில் அப்படி ஒன்று உண்டு. 'பம்பாய்' (1995) தொகுப்பில் ஏ. ஆர். ரகுமானின் புல்லாங்குழல் இசை ஒன்று உண்டு. 1992-93 கலவரங்களைப் பற்றிய அந்தப் படத்துக்கென்று செய்த இசையைப் பின்னர் தீபா மேத்தா 'ஃபயர்' படத்திலும், ஹொலிவூட்காரர் 'லோட் ஒஃப் வோர்' படத்திலும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். 'இன்ஸ்ருமென்ரல்' என்று மட்டும் போட்டிருந்தால் கவனம். பல இடங்களில் அது யாரோ ஒருவர் பாட்டு மெட்டைக் கீபோட்டில் வாசித்ததாக இருக்கும், அல்லது குரலை எடுத்துவிட்ட கரோக்கேயாக இருக்கும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் தெரிவு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது. உண்மையில் இது படத்துக்காகச் செய்த இசை அல்ல; தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜேர்மனியரான பாக் என்ற மேதைக்கும் காணிக்கையாகச் செய்த தனித் தொகுப்பு. வி. எஸ். நரசிம்மனின் வயலின்தான் அதில் முதன்மையாகப் பேசுகிறது. பிறகு ஏன் இங்கு சொல்கிறேன் என்றால், பாலு மகேந்திரா 1988இல் வெளிவந்த தமது 'வீடு' படத்துக்கு இந்தத் தொகுப்பிலிருந்தே இசையை எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் பாட்டே கிடையாது. ஆக, இதை வாங்கினால் ஒரு நல்ல தனி இசையும் ஒரு நல்ல படத்தின் பின்னணி இசையும் ஒரே காசில் கிடைக்கின்றன.

'வீடு' எங்களுக்கு நெருக்கமான படம். வேலைக்குப் போகும் சுதா என்ற பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, இருந்த வாடகை வீட்டை விட்டு எழும்ப வேண்டிவந்ததால் சொந்தமாக ஒரு வீடு கட்டப் புறப்படுகிறாள். கடன், அனுமதி, சீமெந்து, ஏமாற்றும் ஒப்பந்தக்காரர் என்று ஒவ்வொன்றாக அவளைத் தின்கின்றன. கடைசியில் நிலமே குடிநீர் வாரியத்துக்காக எடுக்கப்பட்டது என்று சொல்கிறார்கள். காணி உறுதிக்கும் வீட்டுத்திட்டப் பெயர்ப் பட்டியலுக்கும் அலுவலகப் படியேறிய எந்தச் சகோதரிக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. படத்தைப் பார்த்துவிட்டு இசையைக் கேளுங்கள், அல்லது இசையைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

பாலு மகேந்திரா எங்கள் மட்டக்களப்பில் பிறந்தவர், 2014இல் காலமானார். சிறுவயதில் பாடசாலைச் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் 'பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' படமெடுப்பதைப் பார்த்ததுதான் தம்மைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். கித்துள்கலையில் எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்த அந்தப் படத்தின் பின்னணி இசை ஒஸ்கார் பரிசு பெற்றது. சீகிரியாவுக்கும் நாள்தோறும் பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் வருகின்றன. எந்தப் பிள்ளை எதைக் கண்டு எங்கே போகுமோ!

வயலினைவிடப் புல்லாங்குழல் பிடிக்குமென்றால் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' (1988) இருக்கிறது. ஹரிபிரசாத் சௌராசியா வாசித்தது.

ஒரு விடயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். எங்கள் போரைப் பற்றிய படம் என்பதற்காக மட்டும் ஒரு தொகுப்பை வாங்க வேண்டாம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்துக்காக ரகுமானுக்குத் தேசிய விருது கிடைத்தது, பாட்டுகள் அருமை. ஆனால் அந்தக் கதை எல்லோராலும் தாங்கக்கூடியதல்ல. பின்னணி இசையில் திடீரென்று இடிபோல் மேளம் விழும் இடங்களும் வரும். பட்டாசுச் சத்தத்துக்கே திடுக்கிட்டு எழும்புகிற சகோதரிகள் முழுவதையும் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, சத்தத்தைக் குறைத்து ஒருதரம் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இப்போது கடைகளில் இறுவட்டு கிடைப்பது குறைவு. பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் கேட்கிறோம். யூரியூப்பில் கேட்கும்போது காசு போவது பெரும்பாலும் இசைக்கல்ல, நீங்கள் பார்க்காத படத்துக்கு. சாதாரணத் தரத்தில், அதாவது 128 கிலோபிட்டில், ஒலி மட்டும் என்றால் ஒரு நிமிடத்துக்கு அண்ணளவாக ஒரு மெகாபைட் டேட்டா போதும். நாற்பது நிமிடத் தொகுப்புக்கு நாற்பது மெகாபைட். வீடியோவாகப் பார்த்தால் அது பல மடங்கு, அதுவும் ஒவ்வொரு முறையும். காசு கொடுத்து இறக்கிச் சேமித்துவிட்டால் நூறு தரம் கேட்டாலும் மேலதிகச் செலவில்லை.

கடைகளில் மெமரி காட்டில் ஆயிரம் பாட்டு ஏற்றித் தருகிறார்கள். மலிவுதான், ஆனால் கேட்டது ஒன்று, ஏறியது ஒன்றாக இருக்கும். இசையைச் செய்தவருக்கும் அதில் ஒரு சதம் போவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தொலைபேசியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் படங்களும் பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன. வெறும் காட் ஒன்றைக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடுத்த மாதமும் கொப்பியில் இசைக்கு இடமிருந்தால், சிங்கள அயலவரிடம் 'கொளு ஹதவத' பற்றிக் கேளுங்கள். 'ஊமை இதயம்' என்று பொருள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 1968ஆம் ஆண்டுப் படம். இசை பிரேமசிறி கேமதாச. அதன் தலைப்பு இசையைத் தெரியாத நடுத்தர வயதுச் சிங்களப் பெண்ணை இந்தப் பக்கத்தில் நான் காணவில்லை. சொல்லில்லாதபடியால் மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும், காசு கொடுக்காமலே கேட்டுவிடலாம்.