வாடைக் காற்றும் உதட்டு வெடிப்பும்

தை பிறந்துவிட்டால் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு பேச்சுக்கள் காதில் விழும். "இந்தக் காற்றுக்குத்தான் தேயிலை மணக்கும்" என்பது ஒன்று. "இந்தக் காற்றுக்கு உதடெல்லாம் வெடித்துப் போயிற்று" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளப் பகுதியில் வீசும் வறண்ட குளிர்காற்றே இங்குள்ள தேயிலைக்குத் தனி மணத்தையும் நல்ல விலையையும் தேடித் தருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலுள்ள இவ்வூரில், அதே காற்று கொழுந்து பறிக்கும் பெண்களின் உதடுகளையும், பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளின் உதடுகளையும் வாட்டிவிடுகிறது.

மற்ற உறுப்புகளைவிட உதடு முதலில் வெடிப்பதற்குக் காரணம் உண்டு. நமது தோல் தனக்கு வேண்டிய எண்ணெய்ப் பசையைத் தானே சுரந்துகொள்ளும். உதட்டின் செந்நிறப் பகுதியிலோ வியர்வைச் சுரப்பிகள் இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லையென்றே கூறலாம். அதன் மேல்தோலும் மிக மெல்லியது. ஆகவே வறண்ட காற்றுப் பட்டதும் ஈரத்தை விரைவில் இழந்துவிடுகிறது.

காய்ந்த உதட்டை நாவால் நனைப்பது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் அதுவே பெருங்கேடு. உமிழ்நீர் உலரும்போது உதட்டிலிருந்த ஈரமும் உடன் உலர்ந்துவிடும். உணவைச் செரிக்கச் செய்வதற்காக உமிழ்நீரில் அமைந்த பொருள்கள் வெடித்த தோலை மேலும் புண்படுத்தும். சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருப்பது இதனாலேயாம். மாணவர்கள் படிக்கும்போது உதட்டைக் கடிப்பதையும், தோலை உரிப்பதையும் அறவே விடவேண்டும்.

பரிகாரம் எளியது. முகம் கழுவியபின் உதட்டில் சிறிது ஈரம் இருக்கும்போதே வாசலினை மெல்லியதாகத் தடவுங்கள். காலையில் பிரட்டுக்கோ பள்ளிக்கோ புறப்படுமுன்னும், உணவுக்குப் பின்னும், இரவில் படுக்குமுன்னும் தடவினால் போதும். கற்பூரம், புதினா உப்பு கலந்த தைலங்கள் வேண்டாம். அவை எரிச்சலையே மிகுவிக்கும்.

வீட்டிலேயே களிம்பு செய்ய விரும்புவோர், ஒரு பங்கு சுத்தமான தேன்மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காயெண்ணெய் சேர்த்து, கொதிநீரில் வைத்த சிறு கிண்ணத்தில் உருக்கி, மூடியுள்ள சிமிழில் ஊற்றி ஆறவிடலாம். மெழுகு சேர்வதால் அது உதட்டில் நெடுநேரம் நிற்கும். வெயிலிலும் காற்றிலும் நிற்பவர்கள் தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொள்வதும் நன்று.

எல்லா வெடிப்புக்கும் குளிரே காரணமன்று. கடைவாயில் மட்டும் வெடிப்பு ஏற்பட்டு, ஆறி ஆறி மீண்டும் வருமானால், இரும்புச்சத்தோ விற்றமின் 'பி' வகைச் சத்துக்களோ உடலில் குறைந்திருக்கலாம். கூடவே களைப்பும், முகவெளிறலும், மேட்டில் ஏறும்போது மூச்சிரைப்பும் இருந்தால், "வேலைக் களைப்பு" என்று தள்ளிவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கீரை, பயறு, முட்டை ஆகியவற்றை உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். சோற்றுடன் தேநீர் அருந்தினாலோ அது குறையும். ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லட்டும். தேயிலை நாட்டில் வாழும் நமக்கு இது முக்கியமான செய்தி.

வெற்றிலை போடுவோர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும். சுண்ணாம்பு உதட்டை அரிக்கும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. உதட்டிலோ வாயினுள்ளோ தோன்றிய புண், தடிப்பு, வெள்ளைத் திட்டு ஆகியன மூன்று வாரத்துக்கு மேலும் ஆறாதிருந்தால், களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி இல்லையென்று வாளாவிருத்தல் ஆகாது.

சகோதரிகளே! கொழுந்தைக் கசங்காமல் பறிக்கத் தெரிந்த கைகளுக்கு, தம் உதட்டைப் பேணச் சொல்லித் தரவேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத் தடவிவிட்ட பின், சிமிழை மூடுமுன் உங்கள் உதட்டிலும் சிறிது தடவிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் கவனிக்கும் தாயையும் யாராவது கவனிக்க வேண்டுமல்லவா?