சொல்லாது விட்ட பாடம்

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில், எம்மிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்ற மாணவி ஒருத்தியிடமிருந்து எமக்கொரு மடல் வந்தது. அவள் மணமாகி இலண்டன் மாநகரில் வாழ்கின்றாள்; இரு பிள்ளைகளுக்குத் தாய். “ரீச்சர், உங்களிடம் இதைக் கேட்க வெட்கமாய் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் கேட்பது?” என்று அம்மடல் தொடங்கிற்று.

இரண்டாவது பிள்ளை பிறந்தபின் அவளுக்கு மாதவிடாய்ப் போக்கு மிகுந்துவிட்டதாம். மாதந்தோறும் எட்டு ஒன்பது நாட்கள் துன்பம். வேலைக்குப் போகவியலாத சோர்வு. இரத்தச் சோகையும் கண்டிருக்கிறது. மூன்றாவது பிள்ளை இப்போதைக்கு வேண்டாமென்பது கணவன் மனைவி இருவரதும் எண்ணம். ஓமோன் சுரக்கும் கருப்பை வளையமொன்றைப் பொருத்தினால் இரண்டுக்கும் வழி பிறக்கும் என்று அங்குள்ள வைத்தியர் கூறினார். ஊரிலிருக்கும் தாயாரோ, “அதைப் போட்டால் தீட்டு நின்றுவிடும், கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடும், வேண்டாம் பிள்ளை” என்று தொலைபேசியிலே தடுத்தார். உடன் வேலை செய்யும் பெண்களுள் ஒருத்தி அவ்வளையத்தைப் போற்றினாள், மற்றொருத்தி தூற்றினாள். யார் சொல்லை நம்புவதென்று தெரியாமல் அவள் எமக்கு எழுதினாள்.

மடலைப் படித்து முடித்தபோது எமக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. இனப்பெருக்கத் தொகுதி பற்றிய பாடத்தை அவளுடைய வகுப்புக்கு நடத்தவேண்டிய அன்று, “இதனை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்” என்று கூறி, யாம் அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டோம். பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியை, நாணத்தினாற் செய்த பிழை அது. அன்று நாம் சொல்லாது விட்டதைத்தான் அவள் இத்தனை ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து கேட்கின்றாள் என்று தோன்றிற்று. ஆதலால் நூல்களைப் புரட்டியும், எமக்குத் தெரிந்த பெண் வைத்தியர் ஒருவரைக் கேட்டும், விரிவாக மறுமொழி எழுதினோம். அதன் சாரத்தை நேயர்களுக்கும் தருகின்றோம்.

நம் நாட்டுத் தாய்மார் கருப்பை வளையத்தை இன்றும் ‘லூப்’ என்றே சொல்லுவர். 1960களில் பரவிய லிப்பிஸ் வளையத்தின் பெயர் அது. பின்னர் வந்த செப்பு வளையத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. செப்பு வளையம் நல்ல கருத்தடைச் சாதனமே. எனினும் அது மாதவிடாய்ப் போக்கைச் சிலருக்கு அதிகமாக்கும். ஓமோன் வளையத்தின் இயல்போ இதற்கு மாறானது. பின்லாந்து நாட்டு வைத்தியப் பேராசிரியர் தப்பானி லூக்கைனன் முதலானோரின் நெடுநாள் உழைப்பால் உருவாகி, 1990ஆம் ஆண்டு அந்நாட்டிலேயே முதன்முதல் விற்பனைக்கு வந்தது. மேலைநாட்டு ‘ரி’ எழுத்தின் வடிவிலான சிறு பிளாஸ்திக்குத் துண்டு. அதன் தண்டிலே 52 மில்லிகிராம் லெவோநோஜெஸ்ட்ரல் என்னும் ஓமோன் அடங்கியிருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்கிரோகிராம் வீதம் அது கசியும்; ஆண்டுகள் செல்லச் செல்ல அளவு குறையும். கருப்பைக் கழுத்திலுள்ள சளியைத் தடிப்பாக்கி விந்தணுவைத் தடுப்பதும், கருப்பையின் உட்படையை மெல்லியதாக்குவதும் அதன் தொழில்கள். ஓராண்டில் ஆயிரம் பெண்களுள் இருவரளவிலேயே இதனையும் மீறிக் கருத்தரிப்பர்.

இனித் தாயாரின் அச்சத்துக்கு வருவோம். மாதந்தோறும் வெளியேறும் உதிரம், கருப்பையின் உட்படை வளர்ந்து பின் உதிர்வதனால் வருவது. அப்படை வளராதிருந்தால் உதிர்வதற்கு எதுவுமில்லை. உள்ளே தங்குவதற்கும் எதுவுமில்லை. அணைகட்டி நீரைத் தேக்குவது போன்ற செயல் இங்கே நிகழ்வதில்லை. இவ்வளையத்தைப் பொருத்திய பெண்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டளவில் மாதவிடாய் முற்றாக நின்றுவிடுகிறது. வளையத்தை அகற்றியதும் அது மீண்டும் வரும். கருத்தரிக்கும் ஆற்றலும் மீளும்.

மிகுபோக்கால் வருந்துவோருக்கு இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பின்லாந்திலே, மிகுபோக்குக்காக வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட 236 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையும் மறு பிரிவினருக்கு இவ்வளையமும் அளித்தனர். ஐந்தாண்டு முடிவில், வளையம் பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் ஈற்றிற் சத்திரசிகிச்சையை நாடினர். ஏனையோர் அதற்குத் தப்பினர். பிரித்தானியாவில் 571 பெண்களை வைத்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றும் உண்டு. இரண்டாண்டு முடிவில், வழக்கமான மருந்துகளை உட்கொண்டோரிலும் வளையம் அணிந்தோரே தம் அன்றாட வாழ்வு கூடுதலாகச் சீர்பட்டதெனத் தம் வாயாற் கூறினர். ஆயினும் அவர்களுள்ளும் நூற்றுக்கு 64 பேரே அதனைத் தொடர்ந்து வைத்திருந்தனர். எல்லார்க்கும் ஏற்ற ஒன்றென்று எதுவுமில்லை என்பதற்கு இதுவே சான்று.

தூற்றுவோர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஒழுங்கின்றி உதிரம் சிறிது சிறிதாகக் கசிவது வழமை. தலையிடி, முகப்பரு, மார்பு நோவு என்பன சிலருக்கு வரும். வளையம் தானாகவே வெளியே நழுவுவதும், மிக அரிதாகக் கருப்பைச் சுவரை ஊடுருவுவதும் உண்டு. மனச்சோர்வு உண்டாயிற்று என்று முறையிடும் பெண்களும் பலர். 2016இல் டென்மார்க்கு நாட்டிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இவ்வளையம் உட்பட ஓமோன் கருத்தடை முறைகளைக் கையாண்டோர் மனச்சோர்வு மருந்தை நாடுவது ஏனையோரிலும் கூடுதலாய் இருந்தது. வளையமே காரணமென்று இவ்வாய்வு ஒன்றினால் முடிவு கட்டவியலாது. எனினும் “மனம் சரியில்லை” என்று சொல்லும் பெண்ணை “உன் கற்பனை” என்று வைத்தியர் தள்ளிவிடவும் கூடாது.

வலியைப் பற்றியும் மறைக்காமற் சொல்லவேண்டும். சிலர் அதனை உணர்வதே இல்லை; சிலருக்கோ தாங்கொணாத வேதனை. 2021ஆம் ஆண்டு பிரித்தானிய ஒலிபரப்பாளர் நாகா மன்செட்டி, தமக்குக் கருப்பை வளையம் பொருத்தியபோது வலியால் மயங்கியதை வானொலியில் வெளிப்படையாகக் கூறினார். அதன்பின் எத்தனையோ பெண்கள் தம் அனுபவத்தைச் சொல்ல முன்வந்தனர். “சிறு கிள்ளல் போலிருக்கும்” என்று சொல்லப்பட்டு, அதற்கு ஆயத்தமின்றிப் போனதே அவர்களிற் பலரது மனக்குறை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வலியைப் பற்றியும் அதனைத் தணிக்கும் வழிகளைப் பற்றியும் ஒவ்வொரு பெண்ணோடும் வைத்தியர் முற்கூட்டியே பேசவேண்டுமென்று வலியுறுத்தியது.

இவற்றுள் எம் நெஞ்சைத் தொட்டது பின்லாந்தின் வேறோர் ஆய்வு. அங்கு இவ்வளையம் அணிந்த பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் அஞ்சல் வழியே வினாக்கள் கேட்டு, 2002இல் முடிவை வெளியிட்டனர். மாதவிடாய் மாறும், நிற்கவும் கூடும், இன்னின்ன தொல்லைகள் வரலாம் என்று முன்னரே விளக்கம் பெற்ற பெண்கள், பெறாதவர்களிலும் கூடிய மனநிறைவோடு இருந்தனர். எல்லார் உடலிலும் இருந்தது ஒரே வளையந்தான். எது வந்தாலும், இது வருமென்று அறிந்திருந்தவள் அஞ்சவில்லை, அறியாதிருந்தவள் அஞ்சினாள்.

இவற்றையெல்லாம் எழுதி, “முடிவு உன்னுடையது; வைத்தியரிடம் கூச்சமின்றிக் கேள்” என்று மடலை முடித்தோம். வலிக்கு என்ன செய்வீர்கள், வலித்தால் நிறுத்துவீர்களா, ஒத்துவராவிடில் உடனே அகற்றுவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் குறித்தனுப்பினோம். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, நூல் தட்டுப்படாமை, கருத்தரித்த ஐயம் ஆகியவற்றுள் எது வந்தாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டுமென்றும், பால்வினை நோய்களை இவ்வளையம் தடுக்காதென்றும் சேர்த்தெழுதினோம்.

இவ்வாண்டு தைப்பொங்கலை அடுத்து அவளுடைய மறுமடல் வந்தது. பொருத்தும்போது கண்ணீர் வருமளவுக்கு வலித்ததாம். தாதி கையைப் பற்றிக்கொண்டு, “நிறுத்தட்டுமா?” என்று கேட்டாளாம், “கொஞ்சம் பொறுங்கள்” என்று இவள் சொல்ல, அவர்கள் பொறுத்தார்களாம். நான்கு மாதங்கள் கசிவு, அதன்பின் ஓய்வு. இரத்தச் சோகையும் குறைந்துவருகிறது. அவளுடைய தோழியோ ஓராண்டில் அதனை அகற்றிவிட்டாள், மனம் தெளிந்துவிட்டதாம். “இருவரும் செய்தது சரிதான், ரீச்சர்” என்று எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் எம்மை உறுத்திற்று: “அம்மாவுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே.”

அது மெய்யே. அந்தத் தாய் காலத்திலே சொல்ல எவருமில்லை. மகள் காலத்திலே சொல்லவேண்டிய யாம் வாய்மூடி இருந்தோம். சென்ற தவணையில் அதே பாடம் எம் வகுப்பில் மீண்டும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, கரும்பலகையில் படம் வரைந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நடத்தினோம். தொடக்கத்திற் சில பிள்ளைகள் தலைகுனிந்து சிரித்தனர். கால்மணி நேரத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினர். மணி அடித்தபின்னும் அவர்கள் எழவில்லை.

நேயர்களே, உங்கள் மகளோ மருமகளோ தன் உடலைப் பற்றி ஒன்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிடில் அவளோடு வைத்தியரிடம் செல்லுங்கள். அவள் நோகிறது என்றால், நோகிறது என்பதை நம்புங்கள்.