இரட்டைத் தள்ளுவண்டி யாருக்காக?

இரட்டைக் குழந்தைகளின் அகீகாவுக்கு உறவினர் கூடி விலையுயர்ந்த தள்ளுவண்டியைப் பரிசளிப்பதை அன்பென்றே கருதுகிறோம். கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தைகள் இருவரையும் மட்டமாகப் படுக்க வைத்தாக வேண்டும். முன்னும் பின்னுமாக இருக்கை அமைந்த வண்டிகள் பலவற்றில் ஓர் இருக்கை அவ்வளவு சாய்வதில்லை. மூத்த பிள்ளையும் கைக்குழந்தையுமாயின் அவை போதும். இரட்டையருக்கோ இருக்கைகள் அருகருகே அமைந்து, இரண்டும் முழுதாகச் சாய்வதே ஏற்றது. அதன் அகலம் ஏறத்தாழ 75 செ.மீ.; வாசலை அளக்காமல் வாங்கினால் வண்டி வெளியிலேயே நிற்கும்.

வீண்விரயம் கூடாதென்று மேடைதோறும் முழங்கும் நாம், கடையில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். அவ்வண்டியைத் தூக்கி மாடிப்படி ஏறப்போகும் தாயிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அவளே ஏன் தூக்க வேண்டும்? பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுகை நடத்திய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தில், பிள்ளை சுமப்பது பெண்ணுக்கு மட்டுமே உரிய வேலையானது எப்போது?