கூர்க்காவுக்கு ஒரு 'ங்க' போட்டா குறைஞ்சா போயிடுவோம்?

"எங்க ஊர்ப்பக்கம் மரியாதை ரொம்ப ஜாஸ்தி" என்று எந்தத் தஞ்சாவூர்க்காரனாவது ஆரம்பித்தால், இனிமேல் எழுந்து போய்விடுவது என்று முடிவு பண்ணியிருக்கிறேன். நானும் தஞ்சாவூர்க்காரன்தான். அம்மாபேட்டை பக்கம். போன மாதம் வரைக்கும் இதே வசனத்தை ஹாஸ்டலில் மதுரைக்காரப் பசங்களிடம் அடித்துவிட்டுக்கொண்டிருந்தவன்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எங்கள் ஹாஸ்டல் கேட்டில் நிற்கிறார். காவல் இருந்த நேபாளக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நீ யாரு? எங்க போறே?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். வந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. வார்டனுக்குப் போன் போனது. அரைமணி நேரம் கழித்து, ஐம்பது வயது தாண்டிய அந்த மனிதர் கைகட்டி நின்று, "தப்பு சார், தப்பு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன தப்பு என்று அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாடி வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தோம். சிரிக்கவும் செய்தோம். நானும் சிரித்தேன்.

அன்றைக்குப் படுத்த பிறகுதான் உறைத்தது. மனுஷன் தமிழ்நாட்டுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. தமிழ் சரளமாகப் பேசுகிறார். மெஸ் அக்காவிடம் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறார். அப்படிப்பட்டவருக்கு 'நீங்க' என்ற ஒரு வார்த்தை மட்டும் எப்படி வராமல் போனது?

யோசித்தால் பதில் ரொம்ப சுலபம். அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. அவர் தமிழைப் புத்தகம் வைத்துப் படிக்கவில்லை. நாம் அவரிடம் பேசியதைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டார். "டேய் பகதூர், கேட்டைத் திற", "வாடா", "நீ போ", "தூங்கிட்டியா?" இதுதான் அவருக்கு நாம் நடத்திய பாடம். அடுத்தவர்கள் ஒருவரையொருவர் 'நீங்க' என்று பேசிக்கொள்வது அவர் காதிலும் விழுந்திருக்கும்தான். ஆனால் வாயில் வந்து உட்காருவது நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தைதானே? பாடம் நடத்தியது நாம், பரீட்சையில் தோற்றது அவர், மன்னிப்புக் கேட்டதும் அவர். நல்ல கூத்து.

மறுநாள் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவர் மொழியில் முன்னிலைக்கு மட்டும் எத்தனை படி இருக்கிறது தெரியுமா? மூக்கால் சொல்லும் ஒரு 'த' இருக்கிறது, அதுதான் அடிமட்டம். சின்னப் பிள்ளைகளுக்கும், ரொம்ப நெருங்கியவர்களுக்கும், சண்டையில் எதிராளிக்கும், சாமிக்கும். அதற்கு மேலே 'திமி'. அதற்கும் மேலே 'தபாயி'. இன்னும் பணிவு வேண்டுமென்றால் 'ஹஜுர்'. ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல் மாறும். முன்பின் தெரியாத பெரியவரைப் பார்த்துக் கீழ்ப்படியில் பேசினால் அவர்கள் ஊரிலும் கன்னம் பழுக்கும். அதாவது 'நீ', 'நீங்க' வித்தியாசம் தெரியாத ஆளை நாம் அன்றைக்குத் திட்டவில்லை. நம்மைவிட நுணுக்கமாக அதைப் பார்க்கிற ஊரிலிருந்து வந்தவரைத்தான் நிற்க வைத்துத் திட்டினோம்.

இன்னொன்றும் சொன்னார். அங்கே தெரியாதவர்களையும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்களாம், நம் 'அண்ணே', 'அக்கா' மாதிரியே. அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை கிட்டத்தட்ட நம் 'தாய்' போலவே ஒலிக்கிறது, 'த'வைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் அவரை "டேய்" என்று கூப்பிட்டபோது, அட, தமிழ்நாட்டிலும் அண்ணன் என்று கூப்பிடுகிறார்களே என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பினாராம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்மில் கொஞ்சம் நல்ல பிள்ளைகள் "பாய்" என்று கூப்பிடுவோம் இல்லையா, ஹிந்தியில் மரியாதை கொடுக்கிறோம் என்று நினைத்து? நேபாளியில் அந்த வார்த்தைக்குத் தம்பி என்று அர்த்தம். பத்தொன்பது வயது வாலு, ஐம்பது வயதுக்காரரை "தம்பி" என்கிறது!

'கூர்க்கா' என்பதாவது சரியா? கூர்க்கா ஒரு சாதி இல்லை, வேலையின் பெயரும் இல்லை. கோர்க்கா என்பது நேபாளத்தின் நடுவில் இருக்கும் ஓர் ஊர், முன்பு சின்ன ராஜ்ஜியம். அதன் ராஜா பிருத்வி நாராயண் ஷா 1768-69-இல் காட்மாண்டு பள்ளத்தாக்கைப் பிடித்தார். 1814-16 சண்டையில் அவர்களோடு மோதிப் பார்த்த வெள்ளைக்காரன், இவர்களை எதிரியாக வைத்திருப்பதைவிடப் பட்டாளத்தில் சேர்ப்பது லாபம் என்று கண்டுகொண்டான். அந்தப் பட்டாளப் பெயர்தான் நம் தெருவில் விசில் ஊதும் மனிதர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. நம்மவருக்கு ஊர் கோர்க்காவே இல்லை. நாட்டின் மேற்குக் கோடியில், பிழைப்புக்கு இந்தியா வருவது தலைமுறை வழக்கமாகிப் போன ஒரு மலை மாவட்டம். நாகர்கோவில்காரனை "ஏய் தஞ்சாவூர்" என்று கூப்பிடுகிற மாதிரிதான். 'பகதூர்' என்றால் வீரன், பல பேருக்கு நடுப்பெயராக வரும். இவர் பெயரில் அது கிடையாது. அவர் பெயர் வேறு. பதினாலு வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நம் சினிமாவும் அப்படியே: 'சலாம் சாப்' என்று ஒரு சல்யூட், தப்பும் தவறுமாக ஒரு வரித் தமிழ், தியேட்டரில் சிரிப்பு. 2019-இல் யோகி பாபு நடித்து 'கூர்க்கா' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்துவிட்டது.

அவர்கள் பழக்கவழக்கத்தைக் கேட்கக் கேட்க, என் பாட்டி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வாய் வைத்தது எச்சில், அதை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. பாட்டிலை அண்ணாந்து குடிக்க வேண்டும். எதையும் வலது கையால்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு என்றால் இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு. படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது. கால் பட்டுவிட்டால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். தசைன் பண்டிகைக்கு இருட்டில் வார்கோதுமை முளை வளர்ப்பார்கள், நம் முளைப்பாரியேதான். பெரியவர்கள் அரிசியில் தயிரும் குங்குமமும் பிசைந்து நெற்றியில் இட்டு, அந்த முளையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்வார்கள். நமக்கு ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் குறுவை நினைப்பு வருகிற மாதிரி, அவர்களுக்கு ஆசார் மாதம் 15, அதாவது நம் ஜூன் கடைசி, நாற்று நடும் நாள். அன்றைக்குத் தயிரும் அவலும் சாப்பிடுவார்கள். எல்லாவற்றையும்விட, வழியில் ஒருவரைப் பார்த்தால் நலமா என்பதற்கு முன்னால் "கானா கானுபயோ?" என்பார்களாம். சாப்பிட்டீங்களா? அரிசி தின்கிறவன் எங்கே இருந்தாலும் இதைத்தான் கேட்பான் போலிருக்கிறது.

இப்படி எல்லாவற்றிலும் நம் மாதிரியே இருக்கிற மனிதருக்கு, பெரியவர் என்கிற ஒரு இடத்தை மட்டும் நாம் கொடுக்கவில்லை. ஏன் என்றால், கொடுக்காமல் இருப்பது டெல்டாவில் புது வழக்கம் இல்லை. நூறு வேலி நஞ்சையோடு சேர்த்துப் பழகிய கலை அது.

எங்கள் வீட்டிலேயே இருந்தது. எனக்கு ஏழு வயது இருக்கும். மாமாவை ஒருமுறை 'நீ' என்று சொல்லி அம்மாவிடம் அறை வாங்கினேன். அதே வாரம், தாத்தா காலத்திலிருந்து எங்கள் வயலில் வேலை பார்த்த, பல்லெல்லாம் விழுந்த பெரியவரைப் பெயர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்டேன். யாரும் அறையவில்லை. அவர் "வந்துட்டேன் சின்னாண்டே" என்றார். வயதுக்கு மரியாதை என்று நமக்குச் சொல்லித் தந்தது முழுப் பொய். யார் வயதுக்கு என்பதுதான் கேள்வி.

இந்த 'டா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது நம் ஜில்லாவின் சரித்திரம். எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சவுக்கடி, சாணிப்பால். 1943-இல் தஞ்சைக்கு வந்த பி.சீனிவாசராவ் கன்னடம் பேசும் ஊர்க்காரர். அடித்தால் திருப்பி அடி என்று இந்தச் சேரிகளில் சொல்ல வெளியூரிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அவரை 'வெளியாள்' என்றுதான் மிராசுதார்கள் திட்டினார்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தகராறில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர் நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் அந்தஸ்துள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 'பெரிய மனுஷங்க அப்படிச் செய்வாங்களா?' என்று திண்ணையில் பேசுவது கோர்ட் வரைக்கும் போனது. மரியாதை என்பது வெறும் வார்த்தை, அதைப் பெரிசுபடுத்தாதே என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

நேபாளத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதாக நினைக்காதீர்கள். அங்கேயும் இதே குப்பை உண்டு. யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு அது. 1854-இல் ஜங் பகதூர் ராணா காலத்து 'முலுகி ஐன்'. 1963-இல்தான் அதை மாற்றி எழுதினார்கள். கொல்லர், தையல்காரர், தோல் வேலை செய்பவர் எல்லாம் அதில் தண்ணீர் வாங்கக் கூடாதவர்கள். அவர்களைக் கூப்பிடத்தான் அந்த மூக்கு 'த'. நம்மவரும் ஊரில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டிருக்கக்கூடும். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கூப்பிட்டிருக்கேன்" என்றார். பிறகு, "இங்க வந்தப்புறம்தான் அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுது" என்றார்.

சரி, வகுப்பில் இதைச் சொன்னதும் வந்த பதில்களுக்கு வருவோம்.

"நீ என்பது பாசம்டா. சங்ககாலப் புலவன் ராஜாவையே நீ என்றுதானே பாடினான்?" ஒப்புக்கொள்கிறேன். நாளைக்கு எச்.ஓ.டி. அறைக்குப் போய் அந்தப் பாசத்தைக் காட்டிவிட்டு வா, பிறகு பேசலாம்.

"அவரே ஒண்ணும் நினைக்கலையே, உனக்கென்ன?" வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறவன் எதை நினைத்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டான். 1950 ஒப்பந்தத்தின்படி அவர் விசா இல்லாமல் இங்கே வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஒப்பந்தத்தில் 'நீங்க' சேர்க்க மறந்துவிட்டார்கள்.

"ஒரு வாட்ச்மேனுக்கு இவ்வளவு நீளக் கட்டுரையா?" ஒருவர் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். இப்போது நம் வயல்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். வங்காளியில் மட்டும் 'துயி', 'துமி', 'ஆப்னி' என்று மூன்று படி. வரப்பில் நிற்கிற எங்கள் சித்தப்பாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை, எல்லாரும் ஒரே 'ஹிந்திக்காரன்', எல்லாருக்கும் ஒரே 'டேய்'. தாத்தா சொன்ன அதே 'டேய்', அதே வரப்பு. வாங்கிக்கொள்கிற ஆள்தான் மாறியிருக்கிறார். ஊர் ஆட்கள் எதிர்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால், எதிர்க்க முடியாத ஆளாகப் பார்த்து நகர்த்திக்கொண்டுவிட்டோம்.

கடைசியாக ஒரு வேலை. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் அவசரத் தொலைபேசி எண்கள் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். வார்டன் பெயருக்கு முன்னால் முனைவர், மெஸ் மேனேஜருக்குத் திரு. நாலாவது வரியில் வெறுமனே 'கூர்க்கா' என்று இருக்கும். அதில் அவர் முழுப்பெயரை 'திரு' போட்டு எழுதச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன், எழுத்துக்கூட்டி அவரே பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாமாண்டில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டாமாண்டுப் புண்ணியவான்களே, தாள் என் அறையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வாங்க. பேனா நான் தருகிறேன்.